முரண்டு பிடிக்கும் மெசினும் பிறந்த குழந்தையின் துணியும்

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



வைத்தியரைப் பேச அழைத்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம், முழங்கால் நோ என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேசுவார் என்றுதான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். எங்கள் செயற்குழுவும் அப்படித்தான் எதிர்பார்த்தது. நான் தையல் மெசினைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் செயலாளர் அக்கா தொலைபேசியில் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “சரி, பேசுங்கோ. இருபது நிமிசத்துக்கு மேலே போகாதேயுங்கோ” என்றார். ஆகவே நேரே விடயத்துக்கு வருகிறேன்.

நூற்றாண்டை முன்னிட்டு, கிளைகள் எல்லாம் கையால் தைத்த துணிப்பொருட்களைப் பிறந்த குழந்தைகளுக்குப் பரிசாகக் கொடுப்பதென்று தீர்மானித்தோம். பொன்னாடை, நினைவுச் சின்னம் என்று காசைச் செலவழிக்காமல் இப்படி ஒன்றை நினைத்தது எனக்குப் பெருமையாக இருந்தது. குறைமாதத்திலும் நிறை குறைந்தும் பிறக்கும் குழந்தைகளைப் பராமரிப்பது என் தொழில் என்றபடியால், வரும் பொருட்களைப் பார்த்து விடுதிக்குக் கொடுக்கும் பொறுப்பும் என்னிடம் வந்தது.

முதலாவது பெட்டி இரண்டு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்தது. விடுதித் தாதி ஒருவரும் நானும் அதைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை மூன்று குவியலாகப் பிரித்தோம். அப்படியே கொடுக்கக்கூடியவை, கொஞ்சம் திருத்திக் கொடுக்கக்கூடியவை, கொடுக்க முடியாதவை. மூன்றாவது குவியல்தான் பெரிது. சொல்லப்போனால் வடிவானதும் அதுதான். லேஸ் வைத்த கையுறைகள், முத்துத் தைத்த தொப்பிகள், பஞ்சு அடைத்த குட்டித் தலையணைகள், முயல் காது வைத்த போர்வை ஒன்று. யார் யார் தைத்தது என்று துண்டில் எழுதி ஊசி குத்தியிருந்தது. பெயர் சொல்லமாட்டேன், பயப்படாதேயுங்கோ. ஆனால் இவ்வளவு அன்போடு இரவிரவாக இருந்து தைத்ததை ஒரு குழந்தைக்கும் போடமுடியாமல் மூடிவைப்பது எங்கள் இருவருக்கும் மனவருத்தமாக இருந்தது. இரண்டாவது பெட்டிக்கும் அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

கையுறையில் இருந்து தொடங்குகிறேன். பிறந்த குழந்தை நகத்தால் முகத்தைக் கீறிவிடும் என்று நாங்கள் கையுறை போடுவோம். பெட்டியில் வந்த கையுறைகளில் ஒன்றை நான் உட்பக்கம் வெளியே வரத் திருப்பினேன். வெளியே ஒரு குறையும் இல்லை. உள்ளேயோ தையல் விட்டு விட்டுப் போயிருந்தது. சில இடத்தில் நூல் வளையம் வளையமாகத் தொங்கியது, ஒரு மூலையில் குருவிக்கூடு போலத் திரண்டு கிடந்தது. பிறந்த குழந்தையின் விரல் பென்சிலை விட மெல்லியது. அது ஓயாமல் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வளையத்துக்குள் விரல் ஒன்று போய், இரண்டு முறை கை திரும்பினால் நூல் இறுகிவிடும். விரல் வீங்கும். வீங்க வீங்க நூல் சதைக்குள் புதையும். இரத்த ஓட்டம் நிற்கும். கையுறை மூடியிருப்பதால் தாயின் கண்ணுக்குத் தெரியாது. குழந்தைக்கு அழத்தான் தெரியும். விரலையே இழக்கும் நிலை வரலாம்.

இது நான் உங்களைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லும் கதை அல்ல. வைத்திய நூல்களில் தனிப் பெயருடன் இருக்கும் விடயம். நூலால் மட்டுமல்ல, தாயின் உதிர்ந்த தலைமுடியாலும் நேரும். பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சில மாதம் தாய்மாருக்கு முடி கொட்டும் அல்லவா, அது காலுறைக்குள் போய்க் கால்விரலில் சுற்றிக்கொள்ளும். காரணம் தெரியாமல் விடாமல் அழும் குழந்தையை எங்களிடம் கொண்டுவந்தால் காதையும் வயிற்றையும் பார்ப்பதோடு கைவிரல் பத்தையும் கால்விரல் பத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம். ஆண் குழந்தை என்றால் பிறப்புறுப்பையும் பார்ப்போம். பேரப்பிள்ளை பார்க்கும் அக்காமார் இதை நினைவில் வைத்திருங்கோ. நூலோ முடியோ இறுகியிருப்பதைக் கண்டால் வீட்டில் நோண்டிக்கொண்டு நேரத்தைப் போக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அந்தக் கையுறையைத் தைத்த அக்கா ஒரு சிறு கடிதமும் வைத்திருந்தார். இருபது வருடமாக அலுமாரிக்கு மேலே கிடந்த மெசினை இறக்கித் துடைத்துத் தைத்ததாகவும், அது இடைக்கிடை தையலை விட்டுவிடுவதாகவும், ஆனாலும் தூக்கி எறிய மனமில்லை என்றும் எழுதியிருந்தார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. ஏனென்றால் என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

தையல் மெசினுக்கும் இந்த நாட்டுக்கும் உறவு பழையது. சிங்கர் 1877 இலேயே இலங்கைக்கு வந்துவிட்டது. எங்கள் அம்மம்மாமாரின் காலத்தில் சீதனச் சாமான்களில் மெசினும் ஒன்று. நான் இங்கே ஆண்டு 6 இல் சேர்ந்தபோது யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. 1990 இல் போன மின்சாரம் அது. மனைப்பொருளியல் அறையில் இருந்ததெல்லாம் கால்மெசின்தான், ஆகவே தையல் பாடத்துக்கு மட்டும் மின்வெட்டு இல்லை. அந்த வகுப்பில் இருந்தவர்களுக்கு எங்கள் தையல் ரீச்சரை மறக்கமுடியாது. நாங்கள் தலையணை உறையில் பூவெல்லாம் போட்டுக் கொண்டுபோய் நீட்டுவோம். அவர் பூவைப் பார்க்கமாட்டார். வாங்கியவுடனே திருப்பி மறுபக்கத்தைத்தான் பார்ப்பார். முடிச்சு, நீட்டு நூல், தாண்டிப்போன தையல் ஏதாவது இருந்தால் ஒரு வார்த்தை பேசாமல் கத்தரிக்கோலை எங்கள் கையில் தந்துவிடுவார். அது பிரித்துத் தைக்கவேண்டும் என்பதற்கான அடையாளம். இப்போது விடுதிக்கு வரும் துணியை நானும் தாதியரும் பார்ப்பது அதே மாதிரித்தான்.

எங்கள் வீட்டு மெசின் என் அம்மம்மாவினது. பொருளாதாரத் தடைக் காலத்தில் அம்மா ஜாம்போத்தல் விளக்கு வெளிச்சத்தில் அதில் தைத்தார். அயலில் யாருக்காவது குழந்தை பிறந்தால், முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுக்குக் கொண்டுபோவதற்குப் பழைய வேட்டியை வெட்டிச் சட்டை தைப்பார். கடையில் வாங்குவதற்கு எதுவும் இல்லாத காலத்தில் எல்லாப் பரிசும் கையால் செய்ததுதான். 1995 ஒக்ரோபர் 30 அன்று இரவு வெளிக்கிட்டபோது அப்பா மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சாக்கில் சுற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினார். இரும்புக் காலை யார் தூக்குவது? திரும்பி வந்தபோது அது இல்லை. பிறகு வேறு யாரோ விட்டுப்போன, வேறு மெசினின் காலில் இந்தத் தலையைப் பூட்டினோம். அன்றைக்குத் தொடங்கியது அதன் முரண்டு. கீழே இருக்கும் பெரிய சில்லும் மேலே இருக்கும் சின்னச் சில்லும் ஒரே நேருக்கு வராது. தோல் பட்டி ஒரு பக்கம் இழுபட்டுக்கொண்டே ஓடும். மாரி மழைக்குத் தோல் தளர்ந்தால் வழுக்கும். வழுக்கினால் சில்லு பின்பக்கம் ஒரு துள்ளுத் துள்ளும், நூல் அறுந்துவிடும். தொடங்கும்போது வலக்கையால் மேல் சில்லை என் பக்கமாக உருட்டிவிட்ட பிறகுதான் காலால் மிதிக்கவேண்டும். இது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த மந்திரம்.

உங்கள் மெசின் வேறு மாதிரி முரண்டு பிடிக்கலாம். ஆனால் மெசினைத் திருத்துவதற்கு ஆள் பிடிக்க முன் பார்க்கவேண்டியவை கொஞ்சம்தான். தையல் பிழைத்தால் எல்லோரும் முதலில் செய்வது ரென்சன் திருகாணியைத் திருகுவது. தயவுசெய்து அதில் கைவைக்காதேயுங்கோ. நேற்று ஒழுங்காகத் தைத்த மெசினின் ரென்சன் இரவோடிரவாகத் தானாக மாறாது. முதலில் மேல் நூலை முழுவதும் உருவிவிட்டுத் திரும்பக் கோவையுங்கோ. கோர்க்கும்போது துணியை அமத்தும் பாதம் மேலே தூக்கியிருக்க வேண்டும். பாதம் கீழே இருந்தால் ரென்சன் தட்டுகள் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கும், நூல் அவற்றுக்கு நடுவில் போகாமல் வெளியே நிற்கும். அப்படி நிற்கும் நூலுக்கு ஒரு பிடிப்பும் இல்லை. அதுதான் துணிக்குக் கீழே குருவிக்கூடாகத் திரள்கிறது. கீழே திரள்வதைக் கண்டு நாங்கள் பொபினில் குற்றம் கண்டுபிடித்து அதைக் கழற்றிக் கழற்றிப் பூட்டுவோம். பிழை பெரும்பாலும் மேலேதான் இருக்கும். வயிற்றில் நோ என்று வருபவருக்கு நெஞ்சைப் பார்க்கவேண்டி வருவது போல.

அடுத்தது ஊசி. தையல் தாண்டித் தாண்டிப் போகிறதென்றால் பத்தில் ஒன்பது முறை ஊசியில்தான் பிழை என்று மெசின் திருத்துபவர்கள் சொல்வார்கள். ஊசி கீழே போய் மேலே எழும்பத் தொடங்கும் அந்தக் கணத்தில், நூல் ஊசியின் பின்பக்கம் ஒரு சிறு வளையமாகப் பிதுங்கும். கீழே சுற்றிவரும் கொக்கி அந்த வளையத்தைப் பிடித்து, பொபின் நூலைச் சுற்றி எடுத்துப் போனால்தான் ஒரு தையல் விழும். ஊசி ஒரு மயிரிழை வளைந்திருந்தாலும், முனை மழுங்கியிருந்தாலும், சரியான உயரத்துக்கு ஏறாமல் பூட்டியிருந்தாலும் கொக்கி வளையத்தைத் தவறவிடும். தவறவிட்ட இடம்தான் தாண்டிய தையல். ஊசியை ஒரு கண்ணாடியின் மேல் படுக்கவைத்துப் பார்த்தால் வளைவு தெரிந்துவிடும். எட்டு மணித்தியாலம் தைத்தால் ஊசியை மாற்றவேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. நாங்களோ ஊசி முறியும்வரை மாற்றுவதில்லை! மெல்லிய நூல் துணிக்கு 11 ஆம் இலக்கம், வழமையான பருத்தித் துணிக்கு 14, ஜீன்ஸ் போன்ற தடித்த துணிக்கு 16. குழந்தைத் துணி தைக்க 11 உம் 14 உம் போதும். ஊசியின் மேல் தண்டில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அது எந்தப் பக்கம் பார்க்கவேண்டும் என்பது மெசினுக்கு மெசின் வேறுபடும். பழைய ஊசியைக் கழற்ற முன் அதைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கோ.

பிறகு அழுக்கு. ஊசி போகும் துளை இருக்கும் தகட்டைக் கழற்றிப் பார்த்தால், பற்களுக்கு நடுவில் பஞ்சு கம்பளி போல இறுகிக் கிடக்கும். பழைய சேலைத் துணி தைத்தால் இன்னும் கூட. சின்னத் தூரிகையால் கூட்டி எடுத்தால் போதும். வாயால் ஊதவேண்டாம், பஞ்சு இன்னும் உள்ளே போகும், மூச்சின் ஈரமும் இரும்பில் படியும்.

எண்ணெய் விடயம் எங்கள் ஊர் மெசின்களுக்குச் சிறப்பாகச் சொல்லவேண்டியது. தடைக் காலத்தில் மெசின் எண்ணெய் எங்கே கிடைத்தது? வீட்டில் இருந்த தேங்காய் எண்ணெயை விட்டோம். அது அன்றைக்கு ஓடவைத்தது உண்மை. ஆனால் நாள் செல்லச் செல்ல அது பிசினாகிவிடும். மார்கழிக் குளிருக்கு உறையவும் செய்யும். அலுமாரிக்கு மேலே கிடந்த மெசின் சுற்றமாட்டேன் என்று அடம்பிடித்தால், பழுது என்று எண்ணவேண்டாம். முப்பது வருடத்துப் பிசினாக இருக்கலாம். துளைகளில் சொட்டுச் சொட்டாக மண்ணெண்ணெய் விட்டு, ஊசியைக் கழற்றிவிட்டு மெதுவாகச் சில்லை உருட்ட உருட்ட அழுக்கு கறுப்பாக இறங்கும். நன்றாகத் துடைத்து, மெசினுக்கென்று விற்கும் மெல்லிய எண்ணெயை ஒவ்வொரு துளைக்கும் ஒரு சொட்டு விடவேண்டும். பக்கத்தில் விளக்கோ அடுப்போ எரியக்கூடாது. கடைசியில் பழந்துணி ஒன்றில் கொஞ்ச நேரம் தைத்து, எண்ணெய் ஊறுவது நின்ற பிறகுதான் நல்ல துணியை வைக்கவேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் சில மெசின் முரண்டு பிடிக்கும். எங்கள் வீட்டுக் கிழவி அப்படித்தான். பரவாயில்லை. அதற்கு ஏற்றபடி என்ன தைப்பதென்று தெரிந்தெடுத்தால் போதும். நேரான, நீளமான, தட்டையான தையலை அது ஓரளவு ஒழுங்காகத் தரும். சின்ன வளைவு, நெருக்கமான மூலை, இழுபடும் பெனியன் துணி, இவைதான் அதற்கு ஆகாது. அந்த இடங்களைக் கையால் பின்தையல் போட்டு முடியுங்கோ. பின்னோக்கித் தைக்கத் தெரியாத பழைய மெசின் என்றால், கடைசியில் ஊசியைத் துணியில் குத்தியபடியே பாதத்தைத் தூக்கி, துணியைத் திருப்பி, வந்த வழியே நாலு தையல் திரும்பிப் போனால் முடிச்சு வேண்டாம். நூல் நுனியைக் கை ஊசியில் கோர்த்து மடிப்புக்குள் ஒளித்துவிட்டு வெட்டவேண்டும்.

பிசிறு வெளியே தெரியாமல் தைக்க ரீச்சர் படிப்பித்த முறை நினைவிருக்கிறதா? துணியின் மறுபக்கங்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டும்படி வைத்து ஓரத்தில் ஒரு தையல். ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி, நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி மடித்து இன்னொரு தையல். பிசிறு முழுவதும் உள்ளே அடைபட்டுவிடும். சாதாரண தரப் பரீட்சைக்கு நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிய பிரெஞ்சுத் தையல் அதுதான்.

இனி, என்ன தைப்பது என்று கேட்பீர்கள்.

எங்கள் விடுதியில் எப்போதும் போதாமல் இருப்பது ஒரு சதுரத் துணி. ஒரு மீற்றர் நீளம், ஒரு மீற்றர் அகலம். நாலு ஓரமும் மடித்துத் தைத்தது. அவ்வளவுதான். இதை ஒருவரும் அனுப்பவில்லை, இவ்வளவு சாதாரணமானதை எப்படிப் பரிசென்று அனுப்புவது என்ற கூச்சமாக இருக்கலாம். அது எதற்கு என்று சொல்கிறேன். 1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், எட்கார் ரே என்ற வைத்தியர், நிறை குறைந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோலும் தோலும் ஒட்டும்படி வைத்துக் கட்டிப் பராமரிக்கத் தொடங்கினார். அங்கே குழந்தைகளை வைக்கும் சூடாக்கிப் பெட்டிகள் போதாது, ஒரே பெட்டியில் பல குழந்தைகள், தொற்று நோய். கங்காரு முறை என்று இன்று உலகம் முழுவதும் சொல்வது அதைத்தான். பெட்டிகள் தாராளமாக உள்ள நாடுகளிலும் இப்போது செய்கிறார்கள். பிறந்த உடனேயே இதைத் தொடங்கவேண்டும், ஒரு நாளைக்கு 8 முதல் 24 மணித்தியாலம்வரை வைத்திருக்கவேண்டும் என்பது 2022 இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன பரிந்துரை. 2500 கிராமுக்குக் குறைந்து பிறக்கும் குழந்தைக்குத் தன் உடம்பைத் தானே சூடாக வைத்திருக்கும் சக்தி குறைவு. 36.5 க்கும் 37.5 க்கும் இடையில் அதன் வெப்பநிலையை வைத்திருப்பதற்குத் தாயின் நெஞ்சை விட நல்ல இடம் இல்லை. தகப்பனின் நெஞ்சும் ஆகும், அதைச் சொன்னால் சில தகப்பன்மார் வெட்கப்படுகிறார்கள், பிறகு விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்தக் குழந்தையைத் தாயோடு சேர்த்துக் கட்டும் துணிதான் இந்தச் சதுரம். மூலைக்கு மூலை மடித்து, குழந்தையின் முதுகைச் சுற்றி, அவிழாத முடிச்சுப் போடுவோம். முடிச்சு அவிழ்ந்தாலோ ஓரம் கிழிந்தாலோ குழந்தை சரிந்துவிடும். ஆகவே ஓரத்தை இரட்டையாக மடித்துத் தைக்கவேண்டும். துவைத்துத் துவைத்து மெதுமையான ஆறு யார் நூல் சேலை ஒன்றில் ஐந்து துண்டு வரும். நைலெக்ஸ், பட்டு வேண்டாம். எவ்வளவு முரண்டு பிடிக்கும் மெசினும் நேர்கோட்டில் நாலு பக்கம் தைத்துத் தரும்.

தொப்பியும் வேண்டும். குழந்தைக்கு உடம்போடு பார்க்கையில் தலை பெரிது, சூடு அதால் போய்விடும். ஆனால் நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு சுமார் 35 சென்ரிமீற்றர் என்றால், 32 கிழமையில் பிறந்த குழந்தைக்கு 29 அளவில்தான் இருக்கும். வந்த தொப்பிகள் எல்லாம் ஆறு மாதப் பிள்ளைக்கு அளவு. பழைய பெனியன் துணியில், கையால் தைத்து, தையல் வெளிப்பக்கம் வரும்படி விடுங்கோ. அது வடிவில்லை என்று நினைப்பீர்கள், நெற்றித் தோல் பட்டுப் போல இருக்கும் பிள்ளைக்கு உள்ளே தடிப்பான தையல் வேண்டாம். முத்து, தெறி, றிபன், குஞ்சம் ஒன்றும் வேண்டாம். கழன்று வாய்க்குள் போகும். கையுறையும் வேண்டாம். நகத்தை வெட்டிவிடலாம்.

குட்டித் தலையணையையும் பஞ்சுப் போர்வையையும் பற்றிச் சொன்னால் எனக்கு அடி விழும் என்று தெரியும். எங்கள் ஆட்களுக்குத் தலை உருண்டையாக வரவேண்டும், அதற்குத் தலையணை வேண்டும். ஒரு வயதுக்குள் குழந்தை படுக்கும் இடத்தில் தலையணை, தடித்த போர்வை, துணிப் பொம்மை எதுவும் இருக்கக்கூடாது என்பதுதான் நாங்கள் தாய்மாருக்குச் சொல்வது. மூக்கை மூடினால் அதால் தள்ளிவிட முடியாது. ரொறன்ரோவில் இருந்து வந்த ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று உண்மையிலேயே அருமையான வேலை. அதைத் தூக்கி எறியவில்லை. நிலத்தில் விரித்துக் குப்புறப் படுத்து விளையாடும் விரிப்பாக, வீட்டுக்குப் போகும் ஒரு பிள்ளையின் தாயிடம் கொடுத்தோம். பிள்ளை விழித்திருக்கும்போது மட்டும், ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் என்று தாதி மூன்று முறை சொல்லி அனுப்பினார்.

அலங்காரம் செய்தே தீரவேண்டும் என்ற ஆசை உள்ளவர்கள் தாய்க்குத் தையுங்கோ. கிளினிக் கொப்பிக்கு ஒரு துணி உறை. மாதாமாதம் நிறை பார்க்கப் போகும்போது அந்தக் கொப்பி மழையில் நனைந்து, மூலை மடிந்து, எழுத்துக் கரைந்து வருவதைப் பார்த்தால் அழுகை வரும். உறைக்கு லேஸ் வைக்கலாம், பூப் போடலாம், மெசின் எங்கே தையலை விட்டாலும் ஒரு விரலுக்கும் ஆபத்தில்லை. அளவுக்கு உங்கள் மருமகளின் கொப்பியையே வாங்கி வைத்து அளந்துகொள்ளுங்கோ.

இன்னொன்று சொல்லாமல் விடமுடியாது. பழைய சேலை எங்கே இருக்கும்? அலுமாரியில். அலுமாரியில் வேறு என்ன இருக்கும்? நப்தலீன் பூச்சி உருண்டை. சில குழந்தைகளுக்குப் பிறப்பிலேயே ஜி6பிடி என்ற நொதியம் குறைவாக இருக்கும். பரம்பரையாக வருவது, ஆண் குழந்தைகளில் கூடுதல், பார்த்துத் தெரியாது. அந்தக் குழந்தைக்கு நப்தலீன் ஊறிய துணியைச் சுற்றினால் செங்குருதிக் கலங்கள் உடையும், கடுமையான மஞ்சட்காமாலை வரும், மூளையைப் பாதிக்கும் அளவுக்கும் போகலாம். ஆகவே பூச்சி உருண்டையோடு இருந்த சேலையைக் குழந்தைக்கு வேண்டாம், கொப்பி உறைக்கு எடுத்துக்கொள்ளுங்கோ. மற்றத் துணிகளை வெட்ட முன்னரே வாசனை இல்லாத சவர்க்காரத்தில் துவைத்து வெயிலில் காயவிடவேண்டும். புதுத் துணியில் கஞ்சி இருக்கும், சுருங்கவும் செய்யும். பெட்டியை அடைக்கும்போது வாசனைத் திரவியம் தெளிக்காதேயுங்கோ. முதல் பெட்டியைத் திறந்தபோது மல்லிகைத் தோட்டம் மாதிரி இருந்தது.

புதிய மின்சார மெசின் வாங்கி மனைப்பொருளியல் அறைக்குக் கொடுக்கட்டுமா என்று லண்டன் கிளை கேட்டிருக்கிறது. கொடுங்கோ, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்ததை நாங்கள் மறக்கவில்லை. அந்த அறையில் உறை போட்டு மூடிக் கிடக்கும் கால்மெசின்களில் பலவற்றுக்கு வேண்டியது ஒரு தோல் பட்டியும் நல்ல ஊசியும்தான். பொபின் வாங்கி அனுப்புவதானால் பழைய பொபின் ஒன்றை மாதிரிக்கு அனுப்புவோம், அதோடு ஒப்பிட்டு வாங்குங்கோ. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், ஒரு மயிரிழை வித்தியாசம் போதும் நூல் சிக்குவதற்கு. மெசின் திருத்துபவர்கள் இப்போது ஊரில் குறைவு. இருக்கும் ஒருவரை ஒரு நாள் அழைத்து, அவர் திருத்தும்போது உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைப் பக்கத்தில் நிற்கவைத்தால், தகட்டைக் கழற்றவும் பட்டியை வெட்டிப் பூட்டவும் அவர்களே பழகிக்கொள்வார்கள். ஒரு புதிய மெசினின் விலையில் இதையெல்லாம் செய்து மிச்சமும் பிடிக்கலாம்.

செயலாளர் அக்கா மணிக்கூட்டைப் பார்க்கிறார். இரண்டாவது பெட்டிக்கு நூறு சதுரத் துணியும் அறுபது தொப்பியும் வேண்டும் என்று தாதியர் கணக்குத் தந்திருக்கிறார்கள். வரும் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மனைப்பொருளியல் அறையில் சந்திப்போம். மெசின் தலையைக் கழற்றிக் கொண்டுவர விரும்புபவர்கள் அதன் பொபினையும், இப்போது அதில் இருக்கும் ஊசியையும் மறக்காமல் கொண்டுவாருங்கோ. கத்தரிக்கோல் எங்களிடம் இருக்கிறது.